மார்ஜோ (திரைப்படம்)

மார்ஜோ என்பது 1972 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆவணப்படம் ஆகும். ஹோவர்ட் சிமித், சாரா கெர்னோச்சன் ஆகிய இருவரும் இதனை இயக்கினர். தாம் நம்பாத ஒன்றைப் பிறருக்குப் போதித்துப் பொருளீட்டி வந்த மார்ஜோ கோர்ட்னர் என்பவர், தம் தொழிலின் உத்திகளைத் தாமே படக்கருவியின் முன் விளக்கிக் காட்டுவதே இப்படத்தின் உள்ளடக்கம். சிறந்த ஆவணப்படத்துக்கான அகாதமி விருதை (ஆஸ்கார்) இது பெற்றது.

இதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த பிரீச்சர்மேன் என்னும் குறைந்த செலவிலான நகைச்சுவைப் படமும் ஒரு போலிப் போதகரைப் பற்றியதே. அது கற்பனைக் கதை. மார்ஜோவில் ஏமாற்றுபவரும் ஏமாறுபவர்களும் உண்மை மனிதர்கள்.

குழந்தைப் போதகர்

கோர்ட்னர் 1944 இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் பிறந்தார். மேரி, ஜோசப் என்னும் விவிலியப் பெயர்களின் ஒட்டே மார்ஜோ. நான்கு வயதிலேயே போதகராக்கப்பட்டு, ஒரு திருமணத்தையும் நடத்தி வைத்தார். அதன் பழைய படத்துணுக்கு இப்படத்தில் இடம்பெற்றுள்ளது.

நீண்ட பிரசங்கங்களை மனனம் செய்யத் தவறினால் பெற்றோர் தலையணையால் முகத்தை அழுத்தியும் நீரால் மூச்சுத் திணறச் செய்தும் தண்டித்தனர் என்று கோர்ட்னர் கூறுகிறார். மேடையேறும் குழந்தையின் உடலில் அடித்த தழும்பு தெரியக் கூடாது என்பதே காரணமாம். அவர் கணக்குப்படி குடும்பம் ஈட்டியது சுமார் 30 இலட்சம் டாலர். பதின்ம வயதில் அவரைக் கைவிட்டுத் தந்தை அப்பணத்துடன் சென்றுவிட்டார்.

படத்தில் காட்டப்படுவன

பிழைப்புக்காக இளம் வயதில் பிரசங்கத்துக்குத் திரும்பிய கோர்ட்னர், அத்தொழிலை விட்டு விலக முடிவு செய்தபின் தம் கடைசி எழுப்புதல் கூட்டங்களைப் படம்பிடிக்க இசைந்தார். கூட்டத்தாரிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று விடுதி அறையில் படக்குழுவினருக்கு அவர் பாடம் எடுக்கிறார். கூட்டங்களில் மக்கள் அழுகின்றனர், அந்நிய பாஷை பேசுகின்றனர், அவர் கைபட்டதும் தரையில் விழுகின்றனர். பின்னர் அறைக்குத் திரும்பிக் காணிக்கைப் பணத்தை எண்ணுகிறார். தம் மேடை அசைவுகளுக்கு ராக் பாடகர் மிக் ஜாகரை முன்மாதிரியாகக் கொண்டதாகவும் சொல்கிறார்.

படப்பிடிப்பின் உண்மை நோக்கத்தை அங்கு கூடியிருந்த மக்கள் அறியவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. போதகரின் ஏமாற்றை வெளிப்படுத்தும் படமே அம்மக்களை மீண்டும் ஒருமுறை ஏமாற்றித்தான் எடுக்கப்பட்டது. இயக்குநர்கள் அவர்களைக் கேலிக்குரியோராகக் காட்டவில்லை. ஆயினும் கண்ணீருடன் காணிக்கை இடும் எளியோரின் முகங்களைப் பார்க்கையில் இந்த நெருடல் நீங்குவதில்லை.

வெளியீடும் பின்னரும்

எதிர்ப்புக்கு அஞ்சிய வினியோகஸ்தர், எழுப்புதல் கூட்டங்கள் பெருகியிருந்த தென் மாநிலங்களில் படத்தைத் திரையிடவில்லை. ஆகவே இதனைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அத்தகைய கூட்டங்களுக்குச் செல்லாத நகரவாசிகளே. நெடுங்காலம் கிடைக்காதிருந்த இப்படம் 2006 இல் டிவிடியாக வெளியிடப்பட்டது.

கோர்ட்னர் அதன்பின் நடிகரானார். எர்த்குவேக் (1974), த ஃபூட் ஆஃப் த காட்ஸ் (1976), ஸ்டார்கிராஷ் (1978) முதலியன அவர் நடித்த படங்கள். வைல்ட் பில் (1995) படத்தில் அவர் ஏற்ற வேடம் போதகர்.