நான்கு மாத உறுப்பினர்: சான்சிபார் காற்பந்து அணியின் கதை

2017 டிசம்பரில் கென்யாவில் நடந்த செகாஃபா கிண்ணப் போட்டியில் தான்சானியப் பெருநிலமும் சான்சிபாரும் மோதின. சான்சிபார் 2-1 என்று வென்றது. இரண்டு அணி ஆட்டக்காரர்களும் வைத்திருந்தது ஒரே கடப்பிதழ். சட்டைப்பையில் இருந்ததும் ஒரே ஷில்லிங். இரண்டு தரப்புக்கும் குடியரசின் அதிபர் ஒருவர்தான். ஆனால் தோற்றவர்கள் ஒரு நாட்டிடம் தோற்றதுபோல் தலையைத் தொங்கப்போட்டார்கள். வென்றவர்கள் ஒரு நாடு வென்றதுபோல் கொண்டாடினார்கள்.

மாமாக் கடையில் இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். "ஒரே பாஸ்போர்ட்டுதானடா? அப்புறம் எவன் எவனை அடிச்சா என்னா? நம்ம சபாவும் ஜொகூரும் ஆடுற மாதிரிதானே?" என்றார். உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இல்லை என்று மட்டும் பட்டது. ஏன் இல்லை என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம், இல்லையென்றால் குழம்பிப்போகும். தான்சானியா என்ற நாட்டில் மூன்று அணிகள் உண்டு. பெருநிலத்துக்கு மட்டுமான அணி கிளிமஞ்சாரோ ஸ்டார்ஸ். தீவுகளுக்கு மட்டுமானது சான்சிபார் ஹீரோஸ். இரண்டும் சேர்ந்தால் தைஃபா ஸ்டார்ஸ். 'தைஃபா' என்றால் சுவாஹிலியில் தேசம். கிழக்கு ஆப்பிரிக்கப் போட்டிகளில் முதல் இரண்டும் தனித்தனியாக ஆடும், ஒன்றோடொன்று மோதவும் செய்யும். உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று, ஆப்பிரிக்கக் கிண்ணம் என்று வந்துவிட்டால் தைஃபா ஸ்டார்ஸ் மட்டும்தான். ஃபிஃபாவுக்குத் தெரிந்தது அந்த ஒன்று மட்டுமே.

சான்சிபார் என்று நாம் சொல்வது ஒரு தீவு அல்ல. உங்குஜா, பெம்பா என்ற இரு பெரிய தீவுகளும் சில சிறு தீவுகளும் சேர்ந்தது. கிராம்பு விளையும் மண். ஓமானிய சுல்தான்கள் ஆண்டார்கள், 1890இல் பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் போனது, 1897இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. காற்பந்து அங்கே வேர்பிடித்தது இதற்குப் பிந்தைய தலைமுறையில்தான். தலைநகரில் ஒரு கழிமுகம் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் கல் மாளிகைகள், அராபியர்கள், குஜராத்தி வணிகர்கள், வெள்ளைக்கார அதிகாரிகள். அந்தப் பக்கம் மண் சுவர் வீடுகள், விடுதலையான அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும். அந்தப் பகுதிக்குப் பெயர் இங்காம்போ. நம் மொழியில் சரியாகச் சொன்னால், அக்கரை.

லாரா ஃபேர் என்ற வரலாற்றாசிரியர் இந்த அக்கரை மக்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். உடை, பாட்டு, காற்பந்து ஆகியவற்றின் வழியாக 'அடிமையின் பிள்ளை' என்ற அடையாளத்தை அவர்கள் எப்படிக் கழற்றி எறிந்தார்கள் என்பதுதான் அவர் ஆய்வு. வெள்ளைக்கார அதிகாரிகள் காற்பந்தைக் கொண்டுவந்தது ஒழுக்கமும் கீழ்ப்படிதலும் கற்பிக்க. நம்ம ஊர்த் தோட்டத்துத் திடல்களிலும் துரைமார்களுக்கு இதே நினைப்பு இருந்தது என்று தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் பந்து காலுக்கு வந்தபிறகு அது யாருடையது என்று யார் சொல்வது? அக்கரையில் தெருவுக்குத் தெரு கிளப்புகள் உருவாயின. அங்கே பழகிய கூட்டம் கூடுதலும் சந்தா பிரித்தலும் தலைவர் தேர்ந்தெடுப்பதும் 1950களில் கட்சி அரசியல் வந்தபோது அப்படியே அதற்குள் போயின.

செகாஃபா கிண்ணத்தின் தாத்தா கோசேஜ் கிண்ணம். 1926இல் கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் இடையே தொடங்கியது. கோசேஜ் என்பது ஒரு சோப்புக் கம்பெனியின் பெயர். சோப்பு விற்க வந்த கிண்ணம்தான் ஆப்பிரிக்காவின் மிகப் பழைய வட்டாரப் போட்டியாக நிலைத்துவிட்டது. 1940களில் தாங்கனிக்காவும் சான்சிபாரும் அதில் சேர்ந்தன. இந்த நான்கில் ஒன்றுகூட அன்றைக்குச் சுதந்திர நாடு இல்லை. அதாவது, தான்சானியா என்ற சொல் பிறப்பதற்கு முன்பே சான்சிபார் என்ற பெயரில் ஓர் அணி வெளியூர் போய் ஆடிக்கொண்டிருந்தது. நாட்டிலிருந்து பிரிய நினைத்தவர்கள் கூடி அமைத்த அணி அல்ல இது. அணி முதலில் வந்தது, நாடு பிறகு வந்தது. 'அங்கீகாரமற்ற அணி' என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்த வரிசையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

1963 டிசம்பர் 10ஆம் தேதி சான்சிபார் சுதந்திரம் பெற்றது. அரியணையில் சுல்தான் இருந்தார். ஒரு மாதம்தான். 1964 ஜனவரி 12ஆம் தேதி புரட்சி வெடித்தது, சுல்தான் கப்பலேறித் தப்பினார். தொடர்ந்த நாள்களில் அராபியர்களும் இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள் அல்லது ஓடிப்போனார்கள். காற்பந்தைப் பற்றி எழுதும்போது இதைத் தாண்டிப் போய்விடுவது வசதி. ஆனால் இன்று சான்சிபாரில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய போட்டிக்குப் பெயரே மப்பின்டூசி கிண்ணம், புரட்சிக் கிண்ணம். சிலருக்குத் திருவிழாவாக இருக்கும் அந்தத் தேதி வேறு சிலருக்குத் திதி.

ஏப்ரல் 26ஆம் தேதி, புரட்சித் தலைவர் அபெய்த் கரூமேவும் தாங்கனிக்காவின் ஜூலியஸ் நைரேரேவும் செய்துகொண்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து இரண்டும் ஒரே குடியரசாயின. தனி நாடாகச் சான்சிபார் இருந்தது நான்கரை மாதம். அந்த நான்கரை மாதத்தில் சுதந்திரம், புரட்சி, படுகொலை, இணைப்பு எல்லாம் நடந்து முடிந்தன. ஃபிஃபாவுக்கு விண்ணப்பக் கடிதம் எழுத யாருக்கு நேரம் இருந்திருக்கும்? அதே 1964இல் தான்சானியா ஃபிஃபாவில் சேர்ந்தது. சான்சிபாருக்கும் அதுவே போதும் என்று உலகம் முடிவு செய்துகொண்டது.

இணைப்பு ஒப்பந்தத்தில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. எந்தெந்தத் துறைகள் குடியரசுக்குச் சொந்தம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். முதலில் 11 துறைகள், பிறகு அது 22 ஆக வளர்ந்தது. பாதுகாப்பு, வெளியுறவு, குடியுரிமை, நாணயம் எல்லாம் உள்ளே. விளையாட்டு இல்லை. பட்டியலில் இல்லாதது சான்சிபார் அரசின் கையில். அதனால் சான்சிபாருக்குத் தனிக் காற்பந்துச் சங்கம், தனி லீக். அந்த லீக்கின் பெயர்களைப் பார்த்தாலே ஊரின் குணம் தெரியும். கேஎம்கேஎம் என்பது கடத்தல் தடுப்புப் படையின் அணி. ஒரு காலத்தில் தீவிலிருந்து வெளியே கடத்தப்பட்டதில் முக்கியமானது கிராம்பு. மஃபுன்சோ, சிறைத்துறையின் அணி. ஜேகேயு, பொருளாதாரம் கட்டும் படையின் அணி. கிராம்பைக் காவல் காத்தவர்களும் கைதிகளைக் காவல் காத்தவர்களும் கிண்ணத்துக்காக அடித்துக்கொள்கிற லீக் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

ஆக, தான்சானியாவின் சட்டப்படி சான்சிபார் தன் காற்பந்தைத் தானே நடத்துகிறது. கிழக்கு ஆப்பிரிக்கா அதைத் தனி உறுப்பினராகவே வைத்திருக்கிறது. 1995இல் உகாண்டாவில் நடந்த செகாஃபா கிண்ணத்தைச் சான்சிபார் வென்றதுகூட உண்டு. ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு 2004இல் இணை உறுப்பினர் தகுதி கொடுத்தது. அதன்படி சான்சிபாரின் சாம்பியன் கிளப் ஆப்பிரிக்க கிளப் போட்டிகளில் ஆடலாம், ஆனால் நாட்டு அணி ஆப்பிரிக்கக் கிண்ணத்தில் ஆடக்கூடாது. வீட்டுத் திண்ணைவரை வரலாம், சாப்பிட உள்ளே வரக்கூடாது என்பது மாதிரி.

ஃபிஃபா ஏன் மறுக்கிறது? அதன் விதிப்படி 'நாடு' என்றால் சர்வதேசச் சமூகம் அங்கீகரித்த சுதந்திர அரசு. சரி, அது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே விதிகளில் ஒரு சலுகையும் உண்டு: இன்னும் சுதந்திரம் பெறாத பகுதி, அது சார்ந்திருக்கும் நாட்டின் சங்கம் அனுமதித்தால், விண்ணப்பிக்கலாம். டென்மார்க்கின் கீழுள்ள ஃபாரோ தீவுகள் 1988இல் சேர்ந்தன. பிரான்சின் கீழுள்ள நியூ கலிடோனியா 2004இல் சேர்ந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று ஒரே அரசுக்கு நான்கு அணிகள் இருப்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

சான்சிபாரின் சிக்கல் இங்கேதான். அது சுதந்திரம் பெறாத பகுதி அல்ல, பெற்ற பகுதி. பெற்றபின் இன்னொரு நாட்டோடு கைகோத்தது. இப்போது அது தனி அரசும் இல்லை, காலனியும் இல்லை. பிரிட்டனின் கீழேயே கிடந்திருந்தால் 2016இல் ஜிப்ரால்டருக்குத் திறந்த கதவு அதற்கும் திறந்திருக்கலாம். பேரரசுகளின் மிச்சத்துக்கு இந்த விதிப் புத்தகத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. இரண்டு ஆப்பிரிக்க நாடுகள் தாமாகச் செய்துகொண்ட இணைப்புக்கு அதில் இடமில்லை.

நண்பர் சொன்ன சபாவுக்கு இங்கே ஒரு நிமிடம் வருகிறேன். 1963 செப்டம்பர் 16க்கும் 1964 ஏப்ரல் 26க்கும் இடையே ஏழு மாதம்தான். 'நாங்க சேர்ந்தவங்க, சேர்க்கப்பட்டவங்க இல்ல' என்று சபா, சரவாக் நண்பர்கள் சொல்லும்போது தொனிக்கும் அதே குரலைச் சான்சிபார்க்காரர்களின் பேச்சிலும் கேட்கலாம். வித்தியாசம் என்னவென்றால், மலேசியக் கிண்ணத்தில் சபா ஒரு மாநிலம். செகாஃபாவில் சான்சிபார் ஒரு நாடு. அதற்குத் தனிக் கொடியும் தனி அதிபரும் உண்டு.

வெளியே நிற்பவர்களுக்கு என்று சில போட்டிகள் உண்டு. 2006இல் ஜெர்மனியில் உலகக் கிண்ணம் தொடங்குமுன் ஹம்பர்க்கின் செயின்ட் பவுலி திடலில் ஃபிஃபி வைல்ட் கப் நடந்தது. திபெத், கிரீன்லாந்து, ஜிப்ரால்டர், வட சைப்ரஸ், சான்சிபார், போட்டியை நடத்திய செயின்ட் பவுலி என்று ஆறு அணிகள். சான்சிபார் இறுதியாட்டம்வரை வந்து பினால்டியில் வட சைப்ரஸிடம் தோற்றது. அந்தப் போட்டியில் அதன் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தவர் ஆலிவர் போச்சர், ஜெர்மன் தொலைக்காட்சியின் நகைச்சுவை நடிகர். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபதாண்டு போட்டி மரபுள்ள ஓர் அணி, ஐரோப்பாவுக்குப் போனதும் வேடிக்கை நிகழ்ச்சியின் பாத்திரமாகிவிட்டது.

2012இல் ஈராக்கின் குர்திஸ்தானில் நடந்த விவா உலகக் கிண்ணத்தில் சான்சிபார் மூன்றாம் இடம் பிடித்தது. முதல் சுற்றில் அதன் பிரிவில் இருந்த ஓர் அணி தமிழீழம். சான்சிபார் வென்றது. இந்த ஆட்டத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதினால் இரண்டையும் ஒரே வரியில், 'நாடற்றவர்களின் அணிகள்' என்று போட்டுவிடுவார்கள். அது பிழை. ஒன்று, போரில் எல்லாம் இழந்து புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் பல நாடுகளிலிருந்து வந்து கூடிய அணி. மற்றது, சொந்த லீக்கும் சொந்த அரங்கமும் உள்ள, நாளை ஊருக்குத் திரும்பிப்போய் வழக்கம்போல் ஆடப்போகிற அணி. இரண்டின் வலியும் வேறுவேறு.

2017 மார்ச் 16ஆம் தேதி அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் மாநாடு. 29 ஆண்டுகள் தலைவராக இருந்த இசா ஹயாத்தூவை மடகாஸ்கரின் அஹ்மத் தோற்கடித்த நாள் அது. உலகச் செய்தி அதுதான். ஆனால் அதே மாநாட்டில் சான்சிபாரை 55ஆவது முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். தீவில் கொண்டாட்டம். ஜூலை 21ஆம் தேதி புதிய தலைவர் அதை ரத்து செய்தார். ஒரு நாட்டிலிருந்து இரண்டு சங்கங்கள் இருக்க முடியாது, விதியைப் பார்க்காமல் சேர்த்துவிட்டார்கள் என்பது காரணம். 1964இல் நான்கரை மாதம், 2017இல் நான்கு மாதம் சொச்சம்.

அந்த ஆண்டின் டிசம்பரில்தான் நான் முதலில் சொன்ன 2-1. அதோடு நிற்கவில்லை. அரையிறுதியில் நடப்புச் சாம்பியன் உகாண்டாவையும் 2-1 என்று வீழ்த்தினார்கள். மச்சாகோஸில் நடந்த இறுதியாட்டத்தில் கென்யாவோடு கூடுதல் நேரம் முடிந்தும் 2-2. பினால்டியில் 3-2 என்று தோற்றார்கள். ஜூலையில் வெளியே தள்ளப்பட்ட அணி டிசம்பரில் செய்தது இது.

இந்த அணியின் பயிற்சியாளர் ஹெமெத் சுலைமான். எல்லோரும் 'மொரோக்கோ' என்று கூப்பிடுவார்கள். சில ஆண்டுகள் கழித்து அவரே தைஃபா ஸ்டார்ஸின் பயிற்சியாளரானார். அன்று ஆடிய ஃபைசால் சலூம் இன்று தைஃபா ஸ்டார்ஸின் முக்கிய நடுக்கள ஆட்டக்காரர். அவர்களுக்கு முன், 'கன்னவாரோ' என்று பட்டப்பெயர் பெற்ற தற்காப்பு ஆட்டக்காரர் நாதிர் ஹாரூப் இரண்டு ஜெர்சியையும் போட்டவர்.

இவர்களை நினைக்கும்போது எனக்கு என் நிலைப்பாட்டிலேயே சந்தேகம் வருகிறது. தொடக்கத்தில் 'சேத்துக்கிட்டா என்ன கொறஞ்சிடும்?' என்றுதான் நினைத்தேன். குறையும். 2022 கணக்கெடுப்பின்படி தான்சானியாவின் மக்கள்தொகை 61.7 மில்லியன், அதில் சான்சிபார் 1.9 மில்லியன். தனியாகப் போனால் ஃபைசால் சலூம் போன்ற ஒருவருக்கு ஆப்பிரிக்கக் கிண்ணம் எட்டாமலே போகலாம். தைஃபா ஸ்டார்ஸ் அவருக்கு ஒரு வாசல். அதே சமயம், ஃபிஃபா தரும் பணம் தார் எஸ் சலாமுக்குப் போகிறது, கடலைத் தாண்டி எவ்வளவு வருகிறது என்பது தீராத சண்டை. சங்கத்தின் கணக்கும் ஆட்டக்காரனின் கணக்கும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. இரண்டு ஜெர்சியும் வேண்டும் என்று ஓர் ஆட்டக்காரன் நினைத்தால் அதை இரட்டை வேடம் என்று என்னால் சொல்ல முடியாது.

2025 மே மாதம், ஆப்பிரிக்கக் கூட்டமைப்புக் கிண்ண இறுதியின் இரண்டாம் ஆட்டம் சான்சிபாரின் அமான் அரங்கத்தில் நடந்தது. சிம்பாவும் மொரோக்கோவின் பெர்கானும் மோதின. தார் எஸ் சலாமின் பெரிய அரங்கம் தயாராக இல்லை என்பதால் ஆப்பிரிக்கக் கூட்டமைப்பே இங்கே மாற்றியது. அரங்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜனவரி 13ஆம் தேதி, பெம்பா தீவின் கொம்பானி அரங்கத்தில் மப்பின்டூசி கிண்ண இறுதியாட்டம். அந்த ஆண்டு கிளப்புகளுக்குப் பதில் நாட்டு அணிகளை அழைத்திருந்தார்கள். சான்சிபார் புர்கினா ஃபாசோவை 2-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. ஃபிஃபா தரவரிசையில் புர்கினா ஃபாசோவுக்கு அதனால் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஃபிஃபாவின் கணக்கில் அவர்கள் அன்று யாரிடமும் தோற்கவில்லை.