அலைந்து திரிவோர் சட்டம், 1824

வீடற்றோர் வெளியில் உறங்குவதையும் பிச்சையெடுப்பதையும் இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமாக்கிய பிரிட்டானிய நாடாளுமன்றச் சட்டம்.

முன்வரலாறு

1348இல் இங்கிலாந்தில் பரவிய கொள்ளைநோய் உழைப்பாளரில் பெரும்பகுதியினரைக் கொன்றது. எஞ்சியோர் கூடுதல் கூலி தேடி ஊர்விட்டு ஊர் போவதைத் தடுக்க மூன்றாம் எட்வர்டு 1349இல் தொழிலாளர் ஆணையைப் பிறப்பித்தார். உடல்வலு உள்ளவருக்குப் பிச்சையிடுவதையும் அது தடை செய்தது. எட்டாம் ஹென்றியின் 1531ஆம் ஆண்டுச் சட்டப்படி, அலைந்து திரிபவரை வண்டியின் பின்னால் கட்டி இரத்தம் கசியும்வரை சவுக்கால் அடித்துச் சொந்த ஊருக்கு விரட்டினர். 1547ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கொடியது. பிடிபட்டவரின் மார்பில் ரோமன் எழுத்தான ‘வி’யைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறித்து, ஈராண்டுகள் அடிமையாக்க அது இடம் தந்தது. தப்பியோடினால் ஆயுள் முழுதும் அடிமை வாழ்வுதான். மூன்றாண்டுக்குள் இது நீக்கப்பட்டாலும், 1572இல் காதைச் சூட்டுக்கோலால் துளைக்கும் தண்டனை வந்தது.

வகைப்பாடு

நெப்போலியப் போர்கள் 1815இல் முடிந்ததும், படையிலிருந்து கழிக்கப்பட்ட வீரர்கள் வேலையின்றித் தெருவுக்கு வந்தனர். பழைய சட்டங்களைத் தொகுத்து இயற்றப்பட்ட 1824ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவாளிகளை மூவகையாகப் பிரித்தது: சோம்பேறிகளும் ஒழுங்கற்றோரும் (ஒரு மாதச் சிறை), போக்கிரிகளும் நாடோடிகளும் (மூன்று மாதம்), திருத்தவியலாப் போக்கிரிகள் (ஓராண்டு வரை, ஆண்களுக்குக் கசையடியும்). வைக்கோல் கொட்டகை, பாழடைந்த கட்டடம், கூடாரம், வண்டி, வெட்டவெளி ஆகியவற்றில் பிழைப்புக்கு வழியின்றித் தங்கியவர் இரண்டாம் வகையில் அடங்கினார். அவர் யாருக்கும் தீங்கு செய்திருக்க வேண்டியதில்லை. போக்கிடம் இல்லாமையே குற்றமாயிற்று.

திருத்தங்கள்

வெளியில் உறங்கியதற்காகச் சிறைப்பட்ட முன்னாள் படைவீரர் ஒருவர் 1933இல் பர்மிங்காம் சிறையில் இறந்தார். அதனால் எழுந்த கண்டனம் 1935ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு வழிவகுத்தது. இலவசத் தங்குமிடம் காட்டியும் போக மறுத்தவரையே பெரும்பாலும் தண்டிக்கலாம் என்று அது வரம்பு கட்டியது. வெளியில் உறங்குவதற்கான சிறைத்தண்டனை 1982இல் நீங்கி, அபராதம் மட்டும் எஞ்சியது. கையில் காசில்லாதவருக்கு அபராதம் மேலும் ஒரு கடனானதே தவிர, எவரையும் கூரைக்கடியில் சேர்க்கவில்லை.

பிற நாடுகளில்

பிரிட்டானியக் குடியேற்ற நாடுகள் பலவும் இச்சட்டத்தைப் பின்பற்றின. இலங்கையின் 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் அவற்றுள் ஒன்று.

இன்றைய நிலை

சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் 2022இல் ஒப்புதல் அளித்தபோதும் அது உடனே நடைமுறைக்கு வரவில்லை. முழுமையாக நீக்கப்போவதாக அரசு 2025இல் அறிவித்தது.