புக்கிட் பிரவுன்: சாலை பிளந்த இடுகாடு

சிங்கப்பூர்த் தீவின் நடுவே, மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக்குத் தெற்கே, மரமும் புதரும் மண்டிய குன்றுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் சீனக் கல்லறைகள் இருக்கின்றன. இதுவே புக்கிட் பிரவுன் இடுகாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே நிலம் வைத்திருந்த ஜார்ஜ் ஹென்றி பிரவுன் என்ற வணிகரின் பெயர் குன்றுக்கு நிலைத்துவிட்டது. 1870களில் ஓங் குலத்தார் இந்த நிலத்தை வாங்கித் தங்கள் குலத்தவருக்கான இடுகாடாக வைத்துக்கொண்டனர்.

அக்காலச் சிங்கப்பூரில் சீனர்களுக்குப் பொது இடுகாடு கிடையாது. ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ் என ஒவ்வொரு வட்டார மொழிக் குழுவும் தனித்தனியே குன்றுகளை வைத்திருந்தது. குலச் சங்கத்தின் ஆதரவு இல்லாத ஏழைக்கு அடக்கம் செய்ய இடம் கிடைப்பதே பெரும்பாடு. சீனத் தலைவர்கள் சிலர் பொது இடுகாடு வேண்டும் என்று வலியுறுத்திவர, நகராட்சி ஓங் குலத்தாரின் நிலத்தைக் கையகப்படுத்தி, 1922 ஜனவரி 1 அன்று எல்லாச் சீனருக்குமான இடுகாடாகத் திறந்தது. மக்கள் உடனே வந்துவிடவில்லை. நகராட்சி வரிசை பிடித்து ஒரே அளவில் அளந்து கொடுத்த நெருக்கமான மனைகள், நிலத்தின் கிடப்பையும் திசையையும் பார்த்து இடம் தேரும் ஃபெங் சுயி மரபுக்கு ஒத்துவரவில்லை. விதிகள் தளர்த்தப்பட்ட பிறகே கூட்டம் சேர்ந்தது. 1973இல் இடுகாடு மூடப்பட்டது.

இங்குள்ள கல்லறைகளைப் பார்ப்பது ஓர் ஊரின் பேரேட்டைப் படிப்பதற்குச் சமம். குன்றுச் சரிவை முதுகுக்கு அணையாக வைத்து, இருபுறமும் கைகள் நீண்ட நாற்காலி போல ஒவ்வொன்றும் அமைந்திருக்கிறது. பெரிய கல்லறைகளின் பக்கத்தில் மண் தெய்வத்துக்குச் சிறிய பீடம் உண்டு. கல்லின் நடுவில் இறந்தவரின் பெயரும், மேலே சீனத்தில் அவருடைய பூர்வீக ஊரும், ஓரங்களில் இறந்த ஆண்டும் பிள்ளைகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கும். கணவன் மனைவிக்குச் சேர்த்துக் கட்டிய கல்லறையில், உயிரோடிருப்பவரின் பெயருக்குச் சிவப்பு வண்ணம் தீட்டுவார்கள். அவரும் மறைந்த பிறகே நிறம் மாறும். ஆண்டுக் கணக்கும் ஒன்றல்ல. வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய கற்களில் சீனாவின் சிங் பேரரசர்களின் ஆட்சியாண்டு காணப்படுகிறது. மற்றவற்றில் 1912ஐ முதல் ஆண்டாகக் கொண்ட சீனக் குடியரசுக் கணக்கும் ஆங்கில ஆண்டும் உள்ளன. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலமான 1942 முதல் 1945 வரை இறந்தவர்கள் சிலரின் கற்களில் ஜப்பானிய ஆண்டுக் கணக்கு இருக்கிறது. ஊரை ஆண்டவர்கள் மாறியதைச் சாவுத் தேதியிலேயே காட்டும் ஆவணம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

செல்வர்களின் கல்லறைகளில் வண்ண ஓடுகள் பதித்திருக்கிறார்கள். சிலவற்றுக்குத் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர்களின் கற்சிலைகள் காவல் நிற்கின்றன. அக்காலச் சீனச் செல்வர்கள் தங்கள் மாளிகைகளுக்குச் சீக்கியர்களையே காவலுக்கு அமர்த்தினர். அந்தக் காவல் கல்லறைக்கும் தொடர்ந்தது. எல்லாவற்றிலும் பெரியது ஓங் சாம் லியோங்கின் கல்லறை. கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கங்களுக்கு ஆள் அனுப்பிப் பொருள் சேர்த்தவர் அவர். அவருக்கும் மனைவிக்குமான இந்தக் கல்லறை சுமார் 600 சதுர மீட்டர் பரப்புடையது. பெற்றோரைப் பேணியவர்களைப் பற்றிய இருபத்து நான்கு சீனக் கதைகள் அதில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. இத்தனை பெரிய கட்டுமானம் காட்டுக்குள் மறைந்து கிடந்து, கல்லறை தேடுவதில் ஈடுபட்ட இரு சகோதரர்களால் 2006இல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

2011 செப்டம்பரில், நெரிசலைக் குறைக்க இடுகாட்டின் குறுக்கே எட்டுத்தடச் சாலை அமைக்கப்படும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. எஞ்சிய நிலமும் பிற்காலக் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. மரபுடைமை ஆர்வலர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தனர்; ஆனாலும் திட்டம் கைவிடப்படவில்லை. சாலையின் ஒரு பகுதியைப் பாலமாக உயர்த்தியதால் பெயர்க்கப்படும் கல்லறைகள் குறைந்தன என்றாலும், ஏறத்தாழ 4,000 கல்லறைகள் தோண்டப்பட்டன. லோர்னி நெடுஞ்சாலை என்று பெயர் பெற்ற அது 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்டது.

தோண்டுவதற்கு முன், மானிடவியலாளர் ஹுய் இயூ ஃபூங் தலைமையில் ஒரு குழு பாதிக்கப்படும் கல்லறைகளைப் பதிவு செய்தது. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய முளை அடித்து, படமெடுத்து, கல்லெழுத்தைப் படியெடுத்து, சந்ததியினரைத் தேடிப் பேசினார்கள். எலும்பு எடுக்கும் சடங்குகளையும் படம் பிடித்தார்கள். நேர்த்தியான பணி, ஆனால் காலம் தாழ்ந்து தொடங்கியது. சாலை வரும் தடத்துக்கு மட்டுமே இந்த அக்கறை கிடைத்தது என்பதும் வருந்தத்தக்கது.

தடத்துக்கு வெளியே கிடந்தவற்றைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர்கள் தன்னார்வலர்களே. 'பிரவுனிகள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட இவர்கள், வார இறுதிகளில் கட்டணமின்றி மக்களைக் குன்றுகளுக்குள் அழைத்துச் சென்றனர். ஜூ சியட் சாலை, பூன் லே, பூன் டாட் தெரு என்று சிங்கப்பூரர் தினமும் உச்சரிக்கும் பெயர்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள் என்பது அந்த நடைகளில்தான் பலருக்குத் தெரியவந்தது. சியூ ஜூ சியட்டும் சியூ பூன் லேயும் இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்கள். ஓங் பூன் டாட், ஓங் சாம் லியோங்கின் மகன். பெரும்புள்ளிகளோடு நிறுத்தாமல், ரிக்‌ஷாக்காரர், வேலைக்காரி ஆகியோரின் சிறிய கற்களையும் தேடிக் காட்டியதே அவர்கள் செய்த அரிய பணி. 2014ஆம் ஆண்டுக்கான உலக நினைவுச் சின்னங்கள் கண்காணிப்புப் பட்டியலில் புக்கிட் பிரவுன் இடம்பெற்றது. 2017இல் சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம் யாரும் தாமாகவே நடந்து பார்க்கும்படி ஒரு பாதையை வகுத்துக் கொடுத்தது.

இதே நகரத்தின் பிடாடரி இடுகாட்டுக்கு இப்படி எஞ்சி நிற்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் மட்டுமன்றி இந்துக்களுக்கும் அங்கே பகுதி இருந்தது. பல இந்தியக் குடும்பங்களின் முன்னோர் அங்கே அடங்கியிருந்தனர். 2001க்கும் 2006க்கும் இடையே அங்கிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் அகற்றப்பட்டன. வாயில் தூண்களும் தெரிந்தெடுத்த சில கற்களும் ஒரு நினைவுப் பூங்காவில் வைக்கப்பட்டுள்ளன. மற்ற இடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்திருக்கின்றன.

புக்கிட் பிரவுனின் அடக்கப் பதிவேடுகளை, 1922 முதல் 1972 வரைக்குமானவற்றை, தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரும் அடக்க நாளும் தெரிந்தவர்கள் அதில் மனை எண்ணைப் பார்த்து, குன்றில் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஏப்ரலில், முன்னோரின் கல்லறைகளைப் பேணும் சிங் மிங் நாளையொட்டிக் குடும்பங்கள் அரிவாளும் வண்ணப் புட்டியும் எடுத்துவந்து, புதர் வெட்டி, மங்கிய எழுத்துகளுக்கு மீண்டும் வண்ணம் தீட்டிவிட்டுப் போகின்றன.