என்ன புதினம்? – கதையைப் பற்றிக் கதைக்க நாங்கள் பாவிக்கிற சொற்களின் வரலாறு

உயர்தரத்தில் தமிழ் படித்த எல்லாருக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம்: கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரவார்ப்பு, களம், நோக்குநிலை, மொழிநடை. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி, ஒரு உதாரணம். புள்ளி வந்துவிடும். ஆனால் கதை எங்களுக்குள் என்ன செய்தது என்று யாராவது கேட்டால் வாயடைத்துப் போகிறம்.

இந்தச் சொற்கள் வினாத்தாளுக்காகப் பிறந்தவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கு. சிலவற்றுக்குப் பின்னால் பெரிய சண்டையே இருக்கு. அந்த வரலாற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அவை எங்களுக்கு உதவும்.

சரித்திரம், நாவல், புதினம்

முதலில் பெயரையே எடுப்பம். 1879இல் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது. 1885இல் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்'. பிறகு ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்', 1898இல் மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்'. ஏன் எல்லாம் 'சரித்திரம்'? வசனத்தில் எழுதப்பட்ட இந்தப் புது வடிவத்துக்குத் தமிழில் நிலைத்த பெயர் அப்போது இல்லை. ஒரு ஆளின் வாழ்க்கையைச் சொல்வதால் சரித்திரம் என்றார்கள். அதுவரை சரித்திரம் என்றால் அரசர்களும் அடியார்களும்தான். இப்போது ஒரு முதலியாருக்கும், ஒரு குடும்பப் பெண்ணுக்கும் சரித்திரம் வந்துவிட்டது.

'நாவல்' ஆங்கிலத்தின் வழியே வந்த சொல். அதன் வேரில் 'புதியது' என்ற பொருள் இருக்கு. அதற்குத் தமிழில் 'புதினம்' என்று பெயர் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. படலையடியில் கண்டவுடன் "என்ன புதினம்?" என்று கேட்பது ஊர்ச் செய்தியை. இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று தூரமில்லை. காப்பியம் எப்போதோ நடந்ததைச் சொன்னது. நாவலோ பக்கத்து வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்லவும் துணிந்தது.

களம்

ஆனால் எங்கட முதல் நாவல்கள் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. 'அசன்பே சரித்திரம்' எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கிறது. 1891இல் வந்த 'ஊசோன் பாலந்தை கதை' ஐரோப்பிய வீரக்கதை ஒன்றின் தழுவல். திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை 1895இல் எழுதிய 'மோகனாங்கி', நாயக்கர் காலத்துத் தமிழகத்துக்குப் போகிறது. எழுதியவர்கள் இலங்கையர், கதை நடக்கும் நிலம் வேறு. 1914இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய 'நொறுங்குண்ட இருதயம்' வரும்போது யாழ்ப்பாணக் குடும்பங்களின் வீட்டுக்குள்ளே நிற்கிறம்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், 1950களிலும் 60களிலும் 'மண்வாசனை', 'தேசிய இலக்கியம்' என்று ஏன் அவ்வளவு உரத்துக் கதைத்தார்கள் என்பது விளங்கும். இந்த மண்ணில் நடப்பதும் கதைக்குத் தகுதியானதுதான் என்று சொல்லவேண்டி இருந்தது. மலையக எழுத்தில் லயத்தின் ஒற்றை அறை வெறும் பின்னணிப் படம் இல்லை. யார் எங்கே படுப்பது, எந்த இரகசியம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையெல்லாம் அந்த அறைதான் தீர்மானிக்கும். அதுதான் களம்.

கதையும் பின்னலும்

கதைக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை 1927இல் ஈ.எம். ஃபோஸ்டர் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகள் பிரபலமாக்கின. எங்கட ஊர் உதாரணத்தில் சொன்னால்: "அப்பா கொழும்புக்குப் போனார். பிறகு அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தா." இது கதை. "அப்பா கொழும்பிலிருந்து காசு அனுப்பாததால் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தா." இது பின்னல். முதலாவதில் 'பிறகு என்ன?' என்று கேட்கிறம், இரண்டாவதில் 'ஏன்?' என்று கேட்கிறம். எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு', கொழும்பில் வேலை பார்க்கும் ஒரு எழுதுவினைஞர் லீவில் யாழ்ப்பாணத்துக்கு வந்து நிற்கிற சில நாட்களைச் சொல்கிறது. பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை. ஆனால் 'ஏன்' என்ற கேள்வி நாவல் முழுக்க ஓடுகிறது.

யார் சொல்வது?

நோக்குநிலை என்பதைப் பலர் முழுக்க மேற்கத்தியச் சரக்கு என்று நினைக்கிறார்கள். தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணுகிற 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம் எல்லாம் இருக்கு. யார் சொல்கிறார், யாருக்கு, எங்கே, எப்போது என்று கேட்காமல் ஒரு அகப்பாட்டை வாசிக்க முடியாது என்பது பழைய இலக்கணகாரருக்குத் தெரிந்திருந்தது.

1915இல் வந்த வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையை மரமே சொல்கிறது. குளத்தடியில் நிற்கிற மரத்துக்குக் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும்தான் சொத்து. எழுந்து போய் ருக்மிணியைக் காப்பாற்ற அதனால் முடியாது. கதை எங்களை வருத்துவதற்கு அந்தக் கையாலாகாத்தனமும் காரணம். கதைசொல்லியை மாற்றினால் அந்த வலியும் மாறிவிடும்.

பாத்திரமும் மொழிநடையும்

காப்பியத்துக்குத் தனக்கு நிகரில்லாத தலைவன் வேண்டும் என்றது தண்டியலங்காரம். நாவல் அந்த விதியைக் கைவிட்டது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தபோது, கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் விடப்படாத மக்கள் கூட்டமாக நடுவில் வந்து நின்றார்கள்.

அவர்கள் எந்தத் தமிழில் பேசுவது? பெரிய சண்டை இங்கேதான். 1960களின் தொடக்கத்தில், மரபு பேணிய பண்டிதர்கள் சிலர், கதைகளில் வந்த பேச்சுத்தமிழை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கினார்கள். டொமினிக் ஜீவா, டானியல் போன்றவர்கள் எழுத வந்த காலம் அது. கைலாசபதி, சிவத்தம்பி முதலானோர் அவர்கள் பக்கம் நின்று வாதாடினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அது இலக்கணச் சண்டை. உள்ளே இருந்தது சாதி. 'வழக்கு இழிவானது' என்பதற்கும் 'பேசுகிறவன் இழிந்தவன்' என்பதற்கும் இடையில் மயிரிழைதான்.

அந்தச் சண்டை 'உருவமா, உள்ளடக்கமா' என்ற இன்னொரு விவாதத்தோடும் சேர்ந்து வளர்ந்தது. பொன்னுத்துரை முற்போக்கு அணியை விட்டு விலகி 'நற்போக்கு' என்றார். மு. தளையசிங்கம் இன்னொரு கோணத்தில் முற்போக்காளரை விமர்சித்தார். சிவத்தம்பியின் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' (1967), கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) இரண்டும் அந்தச் சூட்டில் பிறந்தவை. ஒரு வடிவம் ஏன் ஒரு குறிப்பிட்ட காலத்தில் தோன்றுகிறது என்று அவை கேட்டன. யாரோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும், அந்தக் கேள்வியைத் தவிர்த்துப் போக முடியாது.

ஆகவே 'மொழிநடை: எளிமையானது, பேச்சுவழக்குக் கலந்தது' என்று விடைத்தாளில் ஒரு வரியோடு கடந்துபோகும்போது, அந்தப் பேச்சுவழக்கை அச்சில் ஏற்றப் பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் கடந்துபோகிறம்.

அடுத்த கதையை வாசிக்கும்போது தலைப்புகளை நிரப்பாமல் கேட்டுப் பார்ப்பம்: இதை யார் சொல்லுறது? யாருக்குச் சொல்லுறது? இந்த இடத்தில் நடக்காமல் வேறெங்கும் இது நடக்குமா? யாருடைய தமிழ் உரையாடலில் மட்டும் வருது, யாருடையது கதைசொல்லிக்கே கிடைச்சிருக்கு? கடைசிக் கேள்விக்கு இன்று எழுதுகிற எங்கட கதைகளும் பதில் சொல்லவேண்டி இருக்கு.