மூப்பினால் இறந்தார்

சிங்கப்பூரின் மேற்கு முனையிலுள்ள துவாஸ், முன்னாளில் மீனவர் வாழ்ந்த இடம். கடலைத் தூர்த்துத் தொழிற்பேட்டையாக்கிய பின்னர் அஃது உழைப்பாளரின் ஊராயிற்று. அங்கே விடுதிகளில் வாழும் தமிழகத் தொழிலாளரின் பெற்றோர் கடலுக்கு அப்பால் முதுமை எய்துகின்றனர். ஒருநாள் தொலைபேசியில் தாய், "நீ யாரப்பா?" என்று மகனையே கேட்டால், அதனை அவன் வயதின் இயல்பு என்று கொள்வதா, நோய் என்று கொள்வதா? இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகிற்கே நெடுங்காலம் ஆயிற்று.

நம் முன்னோர் இந்நிலையை அறியாதவர் அல்லர். யாழ்ப்பாணத்தார் இதனை 'அறளை பெயர்தல்' என்பர். மலையாள நாட்டில் 'சின்னன்' என்னும் சொல் உண்டு. மீண்டும் குழந்தையாதல் என்பது அதன் குறிப்பு. ஆயினும் இவை வயதின் பெயர்களாக வழங்கினவேயன்றி நோயின் பெயர்களாக வழங்கவில்லை. அத்தகையோர் இறந்தபோது, 'மூப்பினால் இறந்தார்' என்பதோடு பேச்சு முடிந்தது.

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 51 வயதில் நினைவு குலைந்து மருத்துவமனை சேர்ந்த ஒரு பெண்ணைக் கவனித்து வந்தார். 1906இல் அவள் இறந்தபின் அவளது மூளையை ஆராய்ந்து, படிவுகளையும் முறுக்குண்ட இழைகளையும் கண்டார். அவள் முதியவள் அல்லள். ஆதலின் இஃது அரியதொரு நோய் என்றும், முதியோர் மறதி வேறு என்றும் மருத்துவர்கள் எண்ணினர். 1976இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கட்ஸ்மன் இவ்வேறுபாட்டை மறுத்தார். இரண்டும் ஒரே நோய். பலரைக் கொல்லும் நோய். இறப்புக் கணக்கில் மட்டும் அதன் பெயர் இல்லை என்றார்.

பெயர் மறைந்தது எவ்வாறு? நோய் முற்றியவர் உணவை விழுங்க இயலாமல் மெலிந்து படுக்கையாவார். இறுதியில் நிமோனியா காணும். சான்றிதழில் நிமோனியா மட்டுமே இடம்பெறும். மறதி நோயைக் கண்டறிந்து பதிவு செய்வது பெருகியபின், 2015இல் இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புக் காரணங்களில் அதுவே முதலிடம் பெற்றது.

நம் நாடுகளின் நிலையை அறிய, 1998இல் கொச்சியில் '10/66' என்னும் ஆய்வுக் குழு தோன்றியது. நோயுற்றோரில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் பத்து விழுக்காடும் அங்கு நடைபெறவில்லை என்பதே அப்பெயரின் பொருள். சிங்கப்பூரிலும் அக்குழுவின் முறையைக் கையாண்டு, தமிழிலும் வினவி, 2013இல் கணக்கெடுத்தனர். 60 வயது கடந்தோரில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது; 2023இல் அது 8.8 விழுக்காடு. எண்பத்தைந்தைக் கடந்தோரிடம் இது மிகுதி.

சென்னையில் அதே குழுவினர் 65 வயது கடந்த ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்தனர். மறதி நோயுற்றோர் விரைவில் இறந்தனர். அவர்களேயன்றி, நண்பர் குறைந்தோரும், உடலை அசைக்காதோரும், கை மெலிந்தோரும் விரைந்து மாண்டனர்.

மூப்பைத் தடுப்பார் இலர். ஆயினும் உணவும் நடையும் நாலுபேர் பேச்சும் மனிதர் தரக்கூடியவை. தைராய்டு குறை, சத்துக் குறை, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதிக்கு மருந்தும் உண்டு. ஆகவே துவாஸிலிருந்து பேசும் மகன், 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாமல், தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு ஊரிலுள்ள உடன்பிறந்தாரிடம் சொல்வானாக.