சட்டம் வரைந்த முகப்பு: இலண்டன் தொடர்வீடுகளும் கட்டுமான ஒருமையும் (1667–1774)

இலண்டனின் ஜார்ஜியக் காலத் தொடர்வீடுகளில் காணும் முகப்பு ஒருமையைப் பல்லாடியோ வழிவந்த விகித அழகியலின் வெளிப்பாடாகக் கொள்வது கட்டடக்கலை வரலாற்றில் நெடுங்கால வழக்கு. அவ்வழகியலின் பங்கு மறுக்கத்தக்கதன்று. எனினும், முகப்பின் கூறுகளைத் தனித்தனியே நோக்கின், அவற்றுட் பல தீத்தடுப்புச் சட்டங்களின் விளைவுகள் என்பது புலனாகும்.

1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் ஏறத்தாழ 13,200 வீடுகள் அழிந்தன. மறு ஆண்டின் மீள்கட்டுமானச் சட்டம் வீடுகளை நான்கு வகையாகப் பகுத்துத் தளங்களின் எண்ணிக்கையையும் சுவர்த் தடிப்பையும் வரையறுத்தது; புறச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமைதல் வேண்டும் என்றது. 1707ஆம் ஆண்டுச் சட்டம் மர இறவாரத்தை விலக்கியதால், கூரையை மறைக்கும் கைப்பிடிச் சுவர் எழுந்தது. 1709ஆம் ஆண்டுச் சட்டத்தால் சன்னற் சட்டங்கள் சுவரின் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே சென்றன. அழகியல் நூல்கள் போற்றும் நிழற்கோடு இவ்வாறு பிறந்தது.

இராபர்ட் டெய்லரும் இளைய ஜார்ஜ் டான்ஸும் வரைந்த 1774ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்புகளை மதிப்பும் பரப்பும் கொண்டு நான்கு தரங்களாக்கியது. முதல் தரம் 850 பவுனுக்கும் 900 சதுர அடிக்கும் மேற்பட்டது; நான்காம் தரம் 150 பவுனுக்கும் 350 சதுர அடிக்கும் குறைந்தது. முகப்பில் மர அலங்காரமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவ்விடத்தை நிரப்பியது, எலினார் கோடின் இலம்பெத் தொழிற்சாலையில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட செயற்கைக் கல். பெட்போர்டு சதுக்கத்து வாயில்களில் ஒரே அச்சின் முகங்கள் மீண்டும் மீண்டும் வருவதை இன்றும் காணலாம்.

சட்டத்தின் முதன்மை நோக்கம் தீ. கட்டடத்தின் ஆயுள் அன்று. ஆயுளை நிர்ணயித்தது குத்தகை முறை. நிலவுடைமையாளர் நிலத்தைப் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். தொடக்க ஓரிரு ஆண்டுகளுக்குக் கட்டுநர் பெயரளவு வாடகையே செலுத்தினார். முழு வாடகை தொடங்குமுன் சுவரும் கூரையுமாக வீட்டை விற்றுவிடுவதே அவருக்கு ஆதாயம். எனவே விலையுயர்ந்த செங்கல் முகப்பின் மெல்லிய வெளியடுக்கில் மட்டும் இடம்பெற்றது. உள்ளே அரைவேக்காட்டுச் செங்கல். இரண்டையும் பிணைக்க வேண்டிய குறுக்குச் செங்கற்கள் பலவிடத்துப் பாதியாக உடைத்து ஒப்புக்கு வைக்கப்பட்டன. வெளியிலிருந்து நோக்குவார்க்குப் பிணைப்பு முறையானதாகவே தோன்றும். உள்சுவரில் புதைத்த மரச்சட்டங்கள் உளுத்தபோது, அத்தகைய முகப்புகள் விலகிப் புடைத்தன.