பசுமை விதியும் ஏழையின் வீடும்

அரசுப் பணத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும்போது, அந்த வீடுகளுக்கும் எரிசக்திச் சிக்கன விதிகளைக் கட்டாயமாக்க வேண்டுமா? எளிதில் விடை காண முடியாத கேள்வி இது. கட்டாயமாக்கினால் செலவு கூடும். கட்டப்படும் வீடுகளின் எண்ணிக்கை குறையும் என்கிறது ஒரு தரப்பு. புவி வெப்பமடைந்துவரும் காலத்தில் எந்தக் கட்டடத்துக்கும் விலக்கு அளிக்கக் கூடாது என்கிறது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், இரு தரப்பினரும் போடும் கணக்கில் ஒரே பிழை இருப்பதாக, பல ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாதப் பிற்பகலில், சென்னைப் புறநகரில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் வீடு மேல்தளத்தில் இருந்தது. பொழுது சாய்ந்ததும் அவருடைய தாயார் குடத்தில் தண்ணீர் எடுத்துச் சென்று மொட்டை மாடியில் ஊற்றிவிட்டு வந்தார். ‘ஊத்தலேன்னா ராத்திரி படுக்க முடியாது சார். ஃபேன் போட்டா அனல்தான் இறங்குது’ என்றார். இரண்டு மின்விசிறிகள், மூன்று விளக்குகள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி; அவ்வளவுதான் அந்த வீட்டின் மின்சாதனங்கள். எரிசக்திக் கணக்கின்படி பார்த்தால் அது மிகச் சிக்கனமான வீடு. ஆனால், அதில் மனிதர்களால் உறங்க முடியவில்லை.

பிழை இங்கேதான் இருக்கிறது. எரிசக்தி விதிகளின் பயனை நாம் மிச்சமாகும் யூனிட்டுகளில் அளக்கிறோம். குளிர்சாதன வசதியுள்ள வீட்டுக்கு அந்த அளவுகோல் பொருந்தும். செலவழிக்க மின்சாரமே இல்லாதவரின் வீட்டில் மிச்சப்படுத்துவதற்கு என்ன இருக்கிறது? அங்கே அளக்க வேண்டியது யூனிட்டை அல்ல, வெப்பநிலையை.

நம் நாட்டில் உள்ள விதிகளைச் சற்றுப் பார்ப்போம். வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 2007-இல் வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது. குடியிருப்புகளுக்கான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பின் முதல் பகுதியை 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கானது அது. எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம், பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் சட்ட வரம்புக்குள் கொண்டுவந்தது. அந்த வரம்பு 100 கிலோவாட் இணைப்புப் பளு அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை என வகுக்கப்பட்டுள்ளது. மாநிலங்கள் இதைக் குறைத்துக் கொள்ளலாம். சட்டத்தின் நுழைவாயிலிலேயே மின்பளுதான் அளவுகோலாக நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால், ஈகோ நிவாஸ் சம்ஹிதாவின் உள்ளடக்கம் வேறு விதமானது. சுவர், ஜன்னல்கள் வழியாக வீட்டுக்குள் புகும் வெப்பம், குளிர்ப் பிரதேசங்கள் நீங்கலாக மற்ற இடங்களில், சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்கும் உச்சவரம்பு உண்டு. சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், காற்று வரத் திறக்கக்கூடிய பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும். 30 சதுர மீட்டர் வீட்டுக்கு இது 5 சதுர மீட்டர். இவற்றில் எதற்கும் மின்சாரம் தேவையில்லை. ஏழை வீட்டுக்கு உடனடியாகப் பயன்படும் பகுதி இதுதான்.

இனி, செலவு குறித்த அச்சத்துக்கு வருவோம். அதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: ஒரு வீட்டுக்கு ரூ.10 லட்சம் என்றால், ரூ.1,000 கோடியில் 10,000 வீடுகள் கட்டலாம். பசுமை விதிகளால் செலவு 3 சதவீதம் கூடினால் அதே தொகையில் ஏறத்தாழ 9,700 வீடுகளே கிடைக்கும். விடுபட்ட 300 குடும்பங்கள் ஆற்றங்கரையிலோ கால்வாய் ஓரத்திலோ இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வெள்ளம் வரும்போது அவர்களுக்குப் பசுமை விதியின் பெருமையைச் சொல்லி ஆறுதல் கூற முடியாது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில், மத்திய அரசின் நிதியுதவியும் கடன் உத்தரவாதமும் பெறும் புதிய வீடுகள் 2021-ஆம் ஆண்டின் எரிசக்தி விதித்தொகுப்பைப் பின்பற்ற வேண்டும் என்று 2024 ஏப்ரலில் முடிவெடுக்கப்பட்டது. ஒரு தனி வீட்டுக்குச் சராசரியாக 7,229 டாலர் கூடுதலாகச் செலவாகும், ஆண்டுதோறும் 963 டாலர் மிச்சமாகும் என்பது அந்த நாட்டு வீட்டு வசதித் துறையின் மதிப்பீடு. வீடு கட்டுவோர் சங்கமும் பல மாநிலங்களும் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. அங்கே விவாதம் முதல் செலவுக்கும் மின், எரிவாயுக் கட்டண மிச்சத்துக்கும் இடையே நடக்கிறது. வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் பணம் செலவிடும் சமூகத்தில் அது இயல்பு. அதே வாய்ப்பாட்டை இங்கே அப்படியே எடுத்தாண்டால், ஏழை வீட்டுக்குப் பசுமை விதி நட்டக் கணக்காகவே தெரியும்.

ஏன் என்பதற்கு மின்விசிறியே சான்று. பழைய வகை மின்விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும், புதிய பி.எல்.டி.சி. வகை சுமார் 30 வாட் எடுக்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு மின்விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த வரம்புக்குள் வாழும் குடும்பத்துக்கு இந்த 32 யூனிட்டால் ஒரு ரூபாய்கூடக் கையில் நிற்காது. மிச்சம் முழுவதும் மின்மானியம் தரும் அரசுக்கே போகிறது. அதாவது, வீட்டு வசதித் துறை செலவழிக்கிறது, மின்மானியக் கணக்கில் மிச்சமாகிறது, வெக்கையைச் சுமப்பவரோ எந்தக் கணக்கிலும் இல்லை. செலவும் பயனும் வெவ்வேறு கைகளில் இருக்கும்போது சந்தை மட்டுமல்ல, அரசுத் துறைகளும் தவறான முடிவையே எடுக்கும்.

வெக்கையைச் சுமப்பவரின் இழப்பு சிறியதன்று. இரவு உறங்காத கட்டடத் தொழிலாளிக்கு மறுநாள் கூலி போகிறது. படிக்க முடியாத பிள்ளைக்குத் தேர்வு போகிறது. முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் உயிருக்கே ஆபத்து. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு நிவாரணமும் உண்டு. வெப்பம் பேரிடர் என்றால், வெப்பத்தைத் தேக்கும் வீட்டை அரசே கட்டுவது முரண் அல்லவா?

இந்த முரண் கட்டுமான முறையிலும் தலைகாட்டுகிறது. விரைவாகவும் பெருமளவிலும் கட்ட வேண்டிய தேவையால், செங்கல் சுவருக்குப் பதிலாக மெல்லிய காங்கிரீட் சுவர்களை வார்க்கும் முறைகள் பரவியுள்ளன. பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் கொண்ட முன்மாதிரித் திட்டம் முன்வார்ப்புக் காங்கிரீட் முறையில் கட்டப்பட்டு 2022 மே மாதம் திறக்கப்பட்டது. வேகத்துக்கு இத்தகைய முறைகள் தேவைதான். ஆனால், கனமான காங்கிரீட் செங்கல்லைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை வெப்பத்தைக் கடத்தும். காற்றறைகள் கொண்ட ஏ.ஏ.சி. கல்லோ செங்கல் கடத்துவதில் நான்கில் ஒரு பங்குகூடக் கடத்தாது. ஆகவே, ஒப்பந்தப்புள்ளியில் விலையையும் வேகத்தையும் மட்டும் ஒப்பிட்டால், வெப்பம் என்ற மூன்றாவது விலையைக் குடியிருப்பவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

அப்படியானால் எண்ணிக்கைக்கும் தரத்துக்கும் இடையே சமநிலை காண்பது எப்படி? என் பரிந்துரை எளிய கொள்கை ஒன்றின் மீது நிற்கிறது: பின்னால் திருத்த முடியாதவற்றை இப்போதே செய்ய வேண்டும், பின்னால் சேர்க்கக் கூடியவற்றுக்குப் பொறுத்திருக்கலாம். கட்டடத்தின் திசை, ஜன்னலின் அளவு, நிழல் தரும் சன்ஷேடு, வெளிச்சுவரின் பொருள் ஆகியவற்றை வீடு கட்டி முடித்த பிறகு மாற்ற இயலாது. ஐம்பது ஆண்டுகள் அவற்றோடுதான் வாழ வேண்டும். சூரிய மின்தகடு, சிக்கன மின்விசிறி போன்றவற்றை என்று வேண்டுமானாலும் பொருத்தலாம்; அவற்றின் விலையும் காலப்போக்கில் குறையக்கூடும். நிதி போதாத இடத்தில் இரண்டாவது வகையைத் தள்ளிவைப்பதில் தவறில்லை. முதல் வகையில் சமரசம் கூடாது.

முதல் வகையில் பல, வரைபடத்திலேயே முடிகிற வேலைகள். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்குமாறு அமைத்தால் காலை, மாலை வெயில் சுவரில் விழுவது குறையும். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னலில் பாதிதான் திறக்கும். கீல் வைத்த ஜன்னல் முழுவதும் திறக்கும். கொசுவலையும் பாதுகாப்பான கம்பியும் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஜன்னலும் இரவில் மூடியே கிடக்கும் என்பதையும் வடிவமைப்பாளர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தரைத்தளமும் ஐந்து மாடிகளும் கொண்ட கட்டடத்தில் ஆறில் ஒரு வீடுதான் நேரடியாகக் கூரையின் கீழ் வருகிறது. எனவே, கூரைக்கான செலவை எல்லா வீடுகளுக்கும் பகிர்ந்தால் சிறு தொகையே ஆகும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு அதன்மேல் தட்டோடு பதித்த நம் பழைய மொட்டை மாடிகள் இந்த அறிவில் பிறந்தவைதான். இன்று வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சும் வெள்ளை ஓடும் அதே வேலையைச் செய்கின்றன. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கை வகுத்து, அரசுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது.

பொது நிதியில் இது நடக்கக்கூடியதே என்பதற்கு ராஜ்கோட் ஓர் எடுத்துக்காட்டு. பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் அங்கு 1,176 வீடுகள் கட்டப்பட்டபோது, இந்திய-சுவிட்சர்லாந்து கட்டட எரிசக்தித் திட்டத்தின் வல்லுநர்கள் வடிவமைப்பில் உதவினர். வெப்பம் தடுக்கும் கூரை, ஒரு பகுதி மட்டும் கண்ணாடி வைத்த கீல் ஜன்னல், காற்றை வெளியே இழுக்கும் பொதுவான செங்குத்துக் குழல் ஆகியவற்றைக் கொண்டே உள்வெப்பத்தைக் குறைக்கும் வகையில் அது அமைந்தது. குளிர்சாதனப் பெட்டி ஒன்றுகூட அந்தத் திட்டத்தில் தேவைப்படவில்லை.

சுவர்ப் பொருளுக்கு மட்டும் உண்மையில் கூடுதல் பணம் வேண்டும். அதைப் பயனாளியின் பங்குத் தொகையிலோ, வீட்டின் பரப்பிலோ, வீடுகளின் எண்ணிக்கையிலோ கை வைத்து ஈடுகட்டக் கூடாது. தனித் தலைப்பில் மானியமாகத் தர வேண்டும். இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2024-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், புதிய தொழில்நுட்பத்தைக் கையாளும் கூட்டு வீட்டு வசதித் திட்டங்களுக்குச் சதுர மீட்டருக்கு ரூ.1,000 கூடுதல் மானியம் உண்டு. 30 சதுர மீட்டர் வீட்டுக்கு இது ரூ.30,000. மேலே நான் எடுத்துக்காட்டிய 3 சதவீதமும் அதே தொகைதான். ஆனால், இந்த மானியம் தொழில்நுட்பத்தின் புதுமைக்குத் தரப்படுகிறது. வீட்டின் குளுமைக்கு அல்ல. விளைவோடு அதை இணைக்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்திலும் சில வீடுகளில், குறிப்பாக மேல்தளத்திலும் மேற்குப் பக்கத்திலும், வெப்பமானி வைத்து ஏப்ரல், மே மாதங்களில் பதிவு செய்யலாம். உள்வெப்பம் குறித்த வரம்புக்குள் இருந்தால் இறுதித் தவணை. இல்லையென்றால் ஒப்பந்ததாரர் சரி செய்ய வேண்டும். வரவேற்பறையில் மாட்டும் பசுமைச் சான்றிதழைவிட, இந்த ஏட்டுக்கு மதிப்பு அதிகம்.

தாமதித்தால் என்ன ஆகும்? 2017-18 தொடங்கி இருபது ஆண்டுகளில் நாட்டின் குளிர்விப்புத் தேவை எட்டு மடங்காகும் என்று 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் கணித்தது. வெக்கை தாங்க முடியாத குடும்பம், வருமானம் சற்று உயர்ந்ததும் கடன் வாங்கியாவது ஏ.சி. வாங்கும். வெப்பம் கடத்தும் சுவர்களுக்கு நடுவே அது ஓயாமல் ஓடும். அப்போது மின்கட்டணம் குடும்பத்தையும், மின்மானியம் அரசையும், கரி உமிழ்வு எல்லோரையும் அழுத்தும். இன்று சுவரில் மிச்சம் பிடிக்கும் பணத்தை நாளை பன்மடங்காகத் திருப்பித் தருவோம்.

ஆகவே, வீடுகளின் எண்ணிக்கையா, பசுமையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மின்கருவிகளில் பொறுமை காட்டலாம். சுவரிலும் ஜன்னலிலும் கூரையிலும் காட்ட முடியாது. குடிசையிலிருந்து அடுக்ககத்துக்கு வந்த ஒரு தாய், உறங்குவதற்காக மாடிக்குக் குடம் சுமக்க வேண்டியிருந்தால், அந்த வீட்டை நாம் இன்னும் கட்டி முடிக்கவில்லை என்றே பொருள்.